ஒரு பங்கு, ஐந்து விலைகள்: எந்தக் கணக்கை நம்பி வாங்குவது?

"நான் பார்த்து வைத்திருக்கும் பங்கு 400 ரூபாய்க்கு விற்கிறது. ஒரு செயலியில் அதன் உள்ளார்ந்த மதிப்பு 232 என்று வருகிறது. இன்னொன்றில் 440 என்று காட்டுகிறது. எதை நம்புவது?" இந்தக் கேள்வியை வாசகர்கள் பல வடிவங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு செயலிகளும் கூட்டல் கழித்தலில் தப்பு செய்யவில்லை. ஆளுக்கொரு முறையில் கணக்குப் போட்டிருக்கின்றன. எந்த முறை என்பதைச் சொல்லாமல் விடையை மட்டும் காட்டுவதால்தான் குழப்பம் வருகிறது.

மனை வாங்கிய யாருக்கும் இது பழகிய விஷயம். அரசின் வழிகாட்டி மதிப்பு என்று ஒரு தொகை இருக்கும். பக்கத்து மனை போன மாதம் என்ன விலைக்குக் கைமாறியது என்று தரகர் இன்னொரு தொகை சொல்வார். வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு எவ்வளவு வரும், அதற்கு எவ்வளவு முதல் போடலாம் என்று பார்த்தால் மூன்றாவது தொகை வரும். மூன்றும் ஒரே மனைக்குத்தான். குடியிருக்க வாங்குபவர், விற்று லாபம் பார்க்க வாங்குபவர், வாடகைக்காக வாங்குபவர் என்று ஆளைப் பொறுத்து எந்தத் தொகைக்குக் காது கொடுப்பது என்பது மாறும். பங்கிலும் ஏறக்குறைய இதே மூன்றும் உண்டு. புத்தக மதிப்பு (கம்பெனியின் சொத்திலிருந்து கடன்களைக் கழித்தால் கணக்கில் மிஞ்சுவது), பி.இ. விகிதம் (விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது), கையில் வரப்போகும் பணம்.

உள்ளார்ந்த மதிப்பு என்று சொல்லும்போது, ஒரு கம்பெனி இனி வரும் ஆண்டுகளில் உரிமையாளருக்கு எடுத்துக் கொடுக்கக்கூடிய பணம் முழுவதையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டினால் என்ன வருமோ அதைத்தான் சொல்கிறோம். பத்து வருஷம் கழித்து வரும் 100 ரூபாய் இன்றைக்கு 100 ரூபாய் ஆகாது. வருஷம் 12 சதவீதம் வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு அது இன்று சுமார் 32 ரூபாய்தான். கீழே வரும் எல்லா முறைகளும் இந்த ஒரே இலக்கை நோக்கிப் போகும் வெவ்வேறு வழிகள். சில குறுக்கு வழிகள், சில சுற்று வழிகள்.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். பங்கின் விலை எண் பெரிதா சிறிதா என்பதற்கும் அது மலிவா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சென்னையின் எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, "யார் வாங்குவது இவ்வளவு விலைக்கு?" என்று பலர் கேட்டார்கள். அந்தக் கம்பெனியில் இருப்பதே மொத்தம் சுமார் 42.4 லட்சம் பங்குகள். கோல் இந்தியாவிலோ 616 கோடிப் பங்குகள். ஒரே தோசையை எட்டாக வெட்டுவதா இரண்டாக வெட்டுவதா என்ற வித்தியாசம்தான் அது.

## எதை வைத்து முறைகளை எடை போடுவது?

முறைகளைப் பார்க்கும் முன்பு, அவற்றை எந்த அளவுகோலில் நிறுத்தப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் நான்கு கேள்விகள் கேட்பேன்.

கணக்கில் போகும் எண்கள் ஆண்டறிக்கையில் இருப்பவையா, நாமாக ஊகித்தவையா? ஊகம் ஒரு சதவீதம் பிசகினால் விடை எவ்வளவு தூரம் நகரும்? அந்தக் கம்பெனி பணம் பண்ணும் விதத்துக்கு இந்த முறை பொருந்துமா? கணக்கை எழுதியவர் ஏமாற்ற நினைத்தால் இந்த முறை எவ்வளவு எளிதில் ஏமாறும்?

நான்காவது கேள்வியைப் பெரும்பாலான விளக்கங்களில் காண முடிவதில்லை. எனக்கு அதுதான் முதலில் வர வேண்டியதாகத் தோன்றுகிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய சுமார் 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய நாள் வரை எந்த முறையில் கணக்குப் போட்டிருந்தாலும் அந்தப் பங்கு நியாயமான விலையில் இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும்.

ஒப்பிடுவதற்கு எல்லா முறைகளிலும் ஒரே கம்பெனியைப் போட்டுப் பார்க்கலாம். கற்பனைக் கம்பெனிதான். பங்கு விலை 400 ரூபாய். ஒரு பங்குக்கு ஆண்டு லாபம் 20 ரூபாய். புத்தக மதிப்பு 120 ரூபாய், அதில் 40 ரூபாய் வங்கியில் ரொக்கமாகச் சும்மா கிடக்கிறது. லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடெண்ட் 8 ரூபாய். புது இயந்திரம், சரக்கிருப்பு, வர வேண்டிய பாக்கி எல்லாவற்றுக்கும் ஒதுக்கியது போக உரிமையாளருக்கு மிஞ்சும் பணம் 12 ரூபாய். கடன் இல்லை.

எதிர்பார்க்கும் வருமானத்தை எல்லாவற்றிலும் 12 சதவீதம் என்றே வைக்கிறேன். பத்தாண்டு அரசுப் பத்திரமே அண்மை ஆண்டுகளில் 6 முதல் 7.5 சதவீதம் அளவில் தந்திருக்கிறது. அதற்கு மேல் ரிஸ்க்குக்காக ஒரு ஐந்து சதவீதம் கேட்பது நியாயம்.

| முறை | போட்ட ஊகம் | வரும் விடை |
|---|---|---|
| பி.இ., சக கம்பெனிகளோடு ஒப்பிட்டு | 22 மடங்கு | 440 ரூபாய் |
| பி.இ., தன் சொந்தப் பத்தாண்டுச் சராசரியோடு | 18 மடங்கு | 360 ரூபாய் |
| கிரஹாம் எண் | எதிர்காலம் பற்றி எதுவும் இல்லை | 232 ரூபாய் |
| டிவிடெண்ட் கணக்கு | என்றென்றும் 8, 9, 10 சதவீத வளர்ச்சி | 216, 291, 440 ரூபாய் |
| டி.சி.எஃப். (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைப்பது) | பத்தாண்டு 10 சதவீதம், பிறகு 5 சதவீதம் | 299 ரூபாய் |
| தலைகீழ் டி.சி.எஃப். | விலை 400 என்று வைத்து | 14.5 சதவீத வளர்ச்சி தேவை |

அந்த வாசகரின் 232-உம் 440-உம் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிந்திருக்கும்.

## பி.இ. விகிதம்: பக்கத்து மனை விலை

விலையை ஒரு பங்கு லாபத்தால் வகுத்தால் பி.இ. நம் கம்பெனிக்கு 400-ஐ 20-ஆல் வகுத்தால் 20. சக கம்பெனிகள் 22-இல் விற்றால் நம்முடையது மலிவு. அதே கம்பெனி இத்தனை வருஷம் சராசரியாக 18-இல் விற்றிருந்தால் இப்போது விலை அதிகம். ஒரே முறையிலேயே இரண்டு எதிரெதிர் விடைகள்.

இதில் ஊகம் குறைவு, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இதன் மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பி.இ. உள்ளார்ந்த மதிப்பைச் சொல்வதே இல்லை. பக்கத்து மனைக்காரர் அதிக விலை கொடுத்து ஏமாந்திருந்தால் நீங்களும் அதே அளவுக்கு ஏமாறுவீர்கள் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் தரும். துறை முழுவதும் சூடேறிக் கிடக்கும் காலத்தில் சக கம்பெனிகளோடு ஒப்பிட்டு எந்தப் பயனும் இல்லை.

லாபம் ஏறி இறங்கும் தொழில்களில் இது நேரெதிராகவே வழிகாட்டும். டாடா ஸ்டீல் 2021-22 நிதியாண்டில் சுமார் 41,700 கோடி ரூபாய் லாபம் காட்டியது. அந்த லாபத்தை வைத்துப் பார்த்தால் பி.இ. 5-க்கும் கீழே. இவ்வளவு மலிவாக ஒரு பெரிய கம்பெனி கிடைக்குமா என்று தோன்றும். அடுத்த ஆண்டு லாபம் சுமார் 8,000 கோடியாகச் சுருங்கியது. அதற்கடுத்த ஆண்டு ஏறக்குறைய 4,900 கோடி நஷ்டம். எஃகு, சர்க்கரை, சிமென்ட், ரசாயனம் போன்ற துறைகளில் பி.இ. மிகக் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் லாபம் உச்சியில் இருக்கும் நேரத்தில்தான். அங்கே ஒரு ஆண்டு லாபத்தை எடுக்காமல் ஏழெட்டு ஆண்டுச் சராசரி லாபத்தை எடுத்து வகுக்க வேண்டும்.

வகுக்கும் லாபம் எது என்பதிலும் கவனம் தேவை. 2021 மார்ச் இறுதியில் தேசியப் பங்குச் சந்தை, 50 பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டியின் பி.இ.-யைத் தனிக் கம்பெனி லாபத்துக்குப் பதிலாகத் துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த லாபத்தை வைத்துக் கணக்கிடத் தொடங்கியது. 40 அளவில் இருந்த எண் ஒரே நாளில் 33 அளவுக்கு வந்தது. பங்குகள் அன்றைக்கு அப்படி விழுந்துவிடவில்லை, வகுக்கும் எண் மாறியது, அவ்வளவுதான். நிலத்தை விற்ற ஒரு தடவை லாபம் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சோப்பு, பற்பசை, பிஸ்கட் மாதிரி லாபம் சீராக வரும் தொழிலுக்கும், நிறைய பங்குகளில் நாலைந்தைப் பொறுக்கி எடுக்கும் முதல் சல்லடைக்கும் பி.இ. போதும். அதை மட்டும் வைத்து வாங்க நான் சொல்ல மாட்டேன்.

## புத்தக மதிப்பும் கிரஹாம் எண்ணும்: வழிகாட்டி மதிப்பு

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் ஆசிரியர் பெஞ்சமின் கிரஹாம் 1930-களின் பெருமந்தத்தில் அடிபட்டு எழுந்தவர். எதிர்காலத்தை நம்புவதில் அவருக்குத் தயக்கம் அதிகம். லாபத்தைப் போல 15 மடங்கு, புத்தக மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு என்று இரண்டு வரம்புகளை வைத்தார். 15-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 22.5. அதை லாபத்தோடும் புத்தக மதிப்போடும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிரஹாம் எண். நம் கம்பெனிக்கு 22.5 × 20 × 120 என்பது 54,000, அதன் வர்க்கமூலம் 232.

எல்லா எண்களும் ஆண்டறிக்கையில் இருக்கின்றன. ஊகமே கிடையாது. முதல் இரண்டு அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். மூன்றாவதில்தான் தடுமாறுகிறது. பிராண்டு, மென்பொருள், வாடிக்கையாளர் நம்பிக்கை எதுவும் புத்தகத்தில் ஏறுவதில்லை. 1972-இல் சீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய்க் கம்பெனியை பஃபெட் தரப்பு வாங்கியபோது, தொழிலில் போட்டிருந்த முதல் சுமார் 80 லட்சம் டாலர். கொடுத்த விலை 2.5 கோடி டாலர். புத்தகத்தைப் போல மூன்று மடங்கு. கிரஹாம் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் வாங்கியிருக்கவே முடியாது. அது பின்னாளில் அவருடைய மிகச் சிறந்த கொள்முதல்களில் ஒன்றானது. இன்று நம் சந்தையில் தரமான எந்த மென்பொருள் கம்பெனியையும் கிரஹாம் எண் மிக விலை அதிகம் என்றே சொல்லும்.

வங்கிகளில் நிலைமை வேறு. அங்கே சொத்தே பணம்தான். அதனால் புத்தக மதிப்பு அர்த்தமுள்ள எண். கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கியோ கரூர் வைஸ்யா வங்கியோ, புத்தகத்தைப் போல எத்தனை மடங்கு கொடுக்கலாம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வங்கி தன் மூலதனத்தில் ஈட்டும் வருமான விகிதத்திலிருந்து நீண்டகால வளர்ச்சியைக் கழித்து, அதை நாம் எதிர்பார்க்கும் 12-இலிருந்து வளர்ச்சியைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். 15 சதவீதம் ஈட்டி 8 சதவீதம் வளரும் வங்கிக்கு 7-ஐ 4-ஆல் வகுத்து 1.75 மடங்கு. அதே வளர்ச்சியில் 10 சதவீதம் மட்டும் ஈட்டினால் 2-ஐ 4-ஆல் வகுத்து அரை மடங்கு. "புத்தக மதிப்புக்குக் கீழே கிடைக்கிறது, மலிவு" என்று யாராவது சொன்னால் முதலில் அந்த வங்கி தன் மூலதனத்தில் எவ்வளவு ஈட்டுகிறது என்று கேளுங்கள்.

நான்காவது அளவுகோலில் இந்த முறை பலவீனம். யெஸ் பேங்கின் புத்தக மதிப்பு 2019 மார்ச்சில் பங்குக்கு 100 ரூபாய்க்கு மேல் இருந்தது. அடுத்த மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதன் செயல்பாட்டை முடக்கியது. ஸ்டேட் வங்கி தலைமையில் பங்கு 10 ரூபாய் என்ற கணக்கில் புது முதல் போட்டு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வாராக்கடனை ஒத்துக்கொள்ளாத வரைக்கும் புத்தக மதிப்பு பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

பிற கம்பெனிகளின் பங்குகளை வைத்திருப்பதே தொழிலாகக் கொண்டவை தனி ரகம். ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கும் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு மும்பைச் சந்தையில் 3.53 ரூபாய் என்று கிடந்தது. வைத்திருப்பவர்கள் அந்த விலைக்கு விற்கத் தயாராக இல்லாததால் வியாபாரமே நடக்கவில்லை. 2024 அக்டோபர் 29 அன்று விலை கண்டறியச் சிறப்பு ஏலம் நடந்தபோது ஒரே நாளில் 2,36,250 ரூபாய் ஆனது. அப்போது அதன் புத்தக மதிப்பு 5.8 லட்சத்துக்கு மேல். ஏலம் விட்டும்கூட சந்தை பாதி விலைகூடக் கொடுக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பெட்டிக்குள் இருக்கும் சொத்தை நம்மால் திறந்து எடுக்க முடியாது, கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் புரொமோட்டர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அதனால் இப்படிப்பட்ட கம்பெனிகளுக்குச் சந்தை பெரும்பாலும் தள்ளுபடி போட்டே விலை வைக்கும்.

## டிவிடெண்ட் கணக்கு: வாடகை

அடுத்த வருஷ டிவிடெண்டை, எதிர்பார்க்கும் வருமானத்துக்கும் வளர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுப்பது. 8 ரூபாய் டிவிடெண்ட் 8 சதவீதம் வளர்ந்தால் அடுத்த வருஷம் 8.64. அதை 4 சதவீதத்தால் வகுத்தால் 216. வளர்ச்சியை 9 என்று வைத்தால் 291. 10 என்றால் 440. இரண்டே சதவீதம் மாற்றியதில் விலை இரட்டிப்பாகிவிட்டது. என்றென்றும் 10 சதவீதம் வளரும் கம்பெனி உலகத்தில் எதுவுமில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதன் பலம் நான்காவது அளவுகோலில் இருக்கிறது. லாபத்தைக் காகிதத்தில் காட்டலாம், டிவிடெண்டை வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். பத்து வருஷம் ஒழுங்காகக் கொடுத்து வந்த கம்பெனியிடம் உண்மையான பணம் இருப்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம்.

பலவீனத்துக்கு கோல் இந்தியா நல்ல உதாரணம். 2010-இல் 245 ரூபாய்க்கு வெளியீட்டுக்கு வந்தது. 2014 ஜனவரியில் ஒரே தவணையில் 29 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. வெளியீட்டில் வாங்கியவருக்கு அது கிட்டத்தட்ட 12 சதவீதம். அதைப் பார்த்து "இதுதான் வாடகை" என்று கணக்குப் போட்டவர்களுக்கு 2019-20-இல் கிடைத்தது 12 ரூபாய். 2020-இல் பங்கு விலை 150-க்கும் கீழே போனது. பிறகு டிவிடெண்டும் விலையும் மறுபடி ஏறின. 2024-இல் பங்கு 500-ஐத் தாண்டியது. பெரும் பங்குதாரரான அரசுக்கு எவ்வளவு பணம் தேவை, நிலக்கரி விலை என்ன என்பதெல்லாம் டிவிடெண்டைத் தீர்மானிக்கும்போது, சீராக வளரும் என்ற அனுமானமே ஆட்டம் கண்டுவிடுகிறது.

வரியை மறந்துவிட வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி அடுக்கிலேயே வரி போடப்படுகிறது. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 8 ரூபாயில் கையில் நிற்பது 5.60. அதை வைத்து அதே 8 சதவீத வளர்ச்சியில் கணக்குப் போட்டால் 216 என்பது 151 ஆகிவிடும். ஓய்வுபெற்று, வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவருக்கு 216-ஏதான். ஆளைப் பொறுத்துப் பங்கின் மதிப்பே மாறுகிறது. லாபத்தை டிவிடெண்டாகக் கொடுக்காமல் திரும்பத் தொழிலில் போடும் கம்பெனிகளுக்கு இந்த முறை சுத்தமாகப் பயன்படாது.

## டி.சி.எஃப்.: முழுக் கணக்கு

வருங்காலப் பணவரத்தை ஆண்டுவாரியாகப் போட்டு இன்றைய மதிப்புக்குக் குறைப்பதுதான் டி.சி.எஃப். உள்ளார்ந்த மதிப்பின் வரையறைக்கு மிக நெருக்கமானது இதுவே. நம் கம்பெனியில் உரிமையாளருக்கு மிஞ்சும் 12 ரூபாய் பத்தாண்டுகள் 10 சதவீதம் வளர்ந்து, அதன் பிறகு 5 சதவீதமாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தாண்டுப் பணத்தின் இன்றைய மதிப்பு 109 ரூபாய். பத்தாவது ஆண்டுக்குப் பின் வரும் எல்லாவற்றின் மதிப்பு 150 ரூபாய். இரண்டும் சேர்ந்து 259. வங்கியில் கிடக்கும் 40-ஐச் சேர்த்தால் 299.

கவனித்தீர்களா? 259-இல் ஐம்பத்தெட்டு சதவீதம், பத்து வருஷத்துக்கு அப்பால் நடக்கப்போகும் விஷயங்களிலிருந்து வருகிறது. அந்தக் கம்பெனியின் தலைவருக்கே அது தெரியாது.

எதிர்பார்க்கும் வருமானத்தை 12-இலிருந்து 11 ஆக்கி, பிற்கால வளர்ச்சியை 5-இலிருந்து 6 ஆக்கினால் விடை 387. எதிர்ப்பக்கம் 13, 4 என்று வைத்தால் 250. இரண்டு கட்டங்களில் ஒவ்வொரு சதவீதம் நகர்த்தியதற்கு 250 முதல் 387 வரை. யாராவது "இதன் உள்ளார்ந்த மதிப்பு 299.14" என்று பைசா சுத்தமாகச் சொன்னால் அந்தப் பைசாவை நம்பாதீர்கள்.

இந்த முறையின் பெரிய மறைமுகச் செலவு மனசில் இருக்கிறது. நான் முதன்முதலில் எக்செல்லில் டி.சி.எஃப். போட்டது, ஏற்கெனவே வாங்கிவிட்ட ஒரு பங்குக்கு. விடை வாங்கிய விலைக்குக் கீழே வந்தது. வளர்ச்சியை 12-இலிருந்து 14 ஆக்கினேன். விடை இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. 15 ஆக்கினேன். விடை வாங்கிய விலைக்கு மேலே போனதும் நிம்மதியாகக் கோப்பை மூடினேன். அந்த நிம்மதிக்குப் பின்னால் நிறையப் பணம் போனது. எண் எனக்கு எதையும் சொல்லவில்லை, நான்தான் எண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதற்கப்புறம் வாங்காத பங்குக்கு மட்டுமே, விலையைப் பார்க்கும் முன்பு மட்டுமே டி.சி.எஃப். போடுகிறேன்.

இன்னொரு செலவு நேரம். ஐந்தாண்டுப் பணவரத்து அறிக்கை, அடுத்த சில ஆண்டுகளின் விரிவாக்கத் திட்டம், கடன் திருப்பும் அட்டவணை எல்லாம் படிக்க ஒரு வார இறுதி போய்விடும். 10,000 ரூபாய் போடுவதற்கு அது கட்டுப்படியாகாது.

ஒரு நல்ல பக்கமும் உண்டு. பணவரத்து அறிக்கையைப் படிக்க வைப்பதால் மோசடியை மோப்பம் பிடிக்க இதுவே உதவும். வங்கியில் 40 ரூபாய் இருப்பதாகச் சொல்லும் கம்பெனி வருஷத்துக்கு 2, 2.50 ரூபாயாவது வட்டி காட்ட வேண்டும். அரை ரூபாய்தான் காட்டுகிறது என்றால் அந்த 40 உண்மையா என்று சந்தேகப்படுங்கள். லாபம் வருஷா வருஷம் ஏறியும் தொழிலிலிருந்து வரும் ரொக்கம் ஏறவில்லை என்றால் விற்ற சரக்குக்குப் பணம் வசூலாகவில்லை என்று அர்த்தம்.

பணவரத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்லக்கூடிய தொழில்களுக்கு டி.சி.எஃப். சரி. மின்கம்பி வழித்தடம், சுங்கச்சாலை, குழாய்வழி எரிவாயு, நீண்டகால ஒப்பந்தத்தில் ஓடும் தொழில்கள். வங்கிக்கு வேண்டாம். அங்கே டெபாசிட்டே மூலப்பொருள், எது தொழில் பணம், எது உரிமையாளர் பணம் என்று பிரிக்க முடியாது.

## தலைகீழ் டி.சி.எஃப்.: தரகரிடம் திருப்பிக் கேட்பது

என் பார்வையில் சாதாரண முதலீட்டாளருக்கு இதுதான் மிகவும் உதவும். மதிப்பு என்ன என்று தேடாமல், சந்தை விலை 400 என்று எடுத்துக்கொண்டு, அது நியாயம் என்றால் கம்பெனி எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்று கேட்பது. நம் கம்பெனிக்கு ரொக்கத்தைக் கழித்தால் 360. அதற்கு விடை, பத்தாண்டுகளுக்கு வருஷம் சுமார் 14.5 சதவீதம். அதாவது பத்து வருஷத்தில் கையில் மிஞ்சும் பணம் 3.9 மடங்கு ஆக வேண்டும்.

இனி கேள்வி தொழிலைப் பற்றியது. இந்தக் கம்பெனி போன பத்தாண்டில் எவ்வளவு வளர்ந்தது? 9 சதவீதம் என்றால், திடீரென்று 14.5-க்குப் போக என்ன நடக்க வேண்டும்? புது ஆலையா, ஏற்றுமதியா, போட்டியாளர் மூடிவிட்டாரா? விற்பனை 3.9 மடங்கு ஆனால் நாட்டின் மொத்தச் சந்தையில் அதன் பங்கு எவ்வளவாக இருக்கும்? அறுபது சதவீதத்தைத் தாண்டினால் அது நடக்காது என்று எக்செல் இல்லாமலே தெரிந்துவிடும். கோயம்புத்தூரில் பம்ப் வியாபாரம் செய்பவருக்கோ திருப்பூரில் பின்னலாடை செய்பவருக்கோ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது, டி.சி.எஃப். எண்களை ஊகிப்பதைவிட எவ்வளவோ எளிது.

இதிலும் 12 சதவீதமும் பிற்கால 5 சதவீதமும் ஊகம்தான். ஆனால் ஏமாற்றிக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. ஏனெனில் விடை ரூபாயில் வருவதில்லை, விரும்பிய விலைக்கு இழுக்க எதுவும் இல்லை.

நஷ்டத்தில் ஓடும் புதுக் கம்பெனிகளுக்கு உருப்படியாக மிஞ்சுவது இதுமட்டுமே. 2021-இல் ஜொமாட்டோ 76 ரூபாய்க்கும் பேடிஎம் 2,150 ரூபாய்க்கும் வெளியீட்டுக்கு வந்தன. இரண்டிலும் லாபம் இல்லாததால் பி.இ. கிடையாது, டிவிடெண்ட் கிடையாது. பேடிஎம் முதல் நாளே சுமார் 27 சதவீதம் விழுந்தது. ஜொமாட்டோ ஒரு வருஷத்தில் 45-க்குக் கீழே போய், 2024-இல் 200-ஐத் தாண்டியது. முன்கூட்டி யாராலும் இதைத் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் 2,150 என்ற விலைக்குள் எவ்வளவு பெரிய எதிர்கால லாபம் ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் பார்த்தவர் விலகி நின்றிருப்பார்.

## எந்தப் பங்குக்கு எது?

வங்கி, வீட்டுக்கடன் கம்பெனி என்றால் புத்தக மதிப்பும் அது மூலதனத்தில் ஈட்டும் விகிதமும். வாராக்கடன் பக்கத்தைப் படித்த பிறகு. எஃகு, சர்க்கரை என்றால் பல ஆண்டுச் சராசரி லாபத்தில் பி.இ. அரசுத் துறையில் டிவிடெண்டுக்காகவே வாங்குபவர், வரிக்குப் பின் கையில் நிற்கும் தொகையை வைத்து, வளர்ச்சியே இல்லை என்று எடுத்துக்கொண்டு டிவிடெண்ட் கணக்கு போடட்டும். ஒழுங்காக வளரும் நுகர்பொருள், மென்பொருள், இயந்திரக் கம்பெனிகளுக்கு முதலில் தலைகீழ் டி.சி.எஃப்., வளர்ச்சி நம்பும்படி இருந்தால் மட்டும் நேர் டி.சி.எஃப்.

எந்த முறையாக இருந்தாலும் இடைவெளி விட்டு வாங்குங்கள். 299 என்று வந்தால் 299-க்கு வாங்க வேண்டியதில்லை. ஊகங்கள் பிசகும் அளவு 250 வரை என்று ஏற்கெனவே பார்த்தோம், அதனால் 250 அருகே வாங்கினால் பிசகினாலும் பெரிதாக அடிபடாது. அதே மாதிரி மதிப்பைக் கொஞ்சம் தாண்டியதும் விற்று வேறொன்றுக்குத் தாவுவதற்கும் விலை உண்டு. 2024 ஜூலை 23 முதல் ஒரு வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். இது போக வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி. பங்கு மதிப்பைவிட ஐந்து, பத்து சதவீதம் ஏறியதற்காக விற்பது பெரும்பாலும் அரசுக்கு மட்டுமே லாபம்.

கேள்வி கேட்ட வாசகரின் 400 ரூபாய்ப் பங்கை நான் என்ன செய்வேன்? எண்கள் இவைதான் என்றால் இன்று வாங்க மாட்டேன். 14.5 சதவீதம் என்ற எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைப்பேன். அடுத்த நாலு காலாண்டு முடிவுகளில் வளர்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். விலை 300-க்கு அருகில் வந்தாலோ, வளர்ச்சி உண்மையிலேயே 14-ஐத் தொட்டு அதற்கான காரணம் ஆண்டறிக்கையில் தெரிந்தாலோ அந்த நோட்டை மறுபடி திறப்பேன்.